ரங்கூன் மல்லியை யார் வெட்டுவது?

ஜோகுபாளையம்,
9 பிப்ரவரி 2025, ஞாயிறு

அன்புள்ள சஞ்சய்க்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் இருக்கிற உடம்போடு சௌக்கியம். அவளுக்கு முழங்கால், எனக்கு வாய், இரண்டும் பழைய வியாதிகள்தான். உனக்குச் சளி விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. இதை முதலில் பிரித்துப் படிக்கும் அதிகாரி ஐயாவுக்கும் என் வணக்கம்.

இரண்டு ஞாயிறு வந்து ஜெயில் வாசலில் க்யூவில் நின்றேன். இரண்டு தடவையும் "உங்க பையன் பார்க்க வரமாட்டேன்றான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். போனிலும் நீ பேசுவதில்லை. கேட்டில் இருந்தவர்தான், "லெட்டர் போட்டுப் பாருங்க பெரியவரே" என்றார். நான் ஒன்பதாவது ஃபெயில். கடைசியாகக் கடிதம் எழுதியது உன் அம்மாவைப் பெண் பார்த்துவிட்டு வந்தபோது. அதற்கு இன்றுவரை பதில் இல்லை, ஆள் மட்டும் வந்துவிட்டாள்.

விஷயம் என்னவென்றால், பின்பக்கத்தில் தோட்டம் போட இறங்கிவிட்டேன். நீ காலண்டருக்குப் பின்னால் வரைந்து வைத்த பிளான் அலமாரியில் கிடைத்தது. நடுவில் புல்தரை, ஓரமாக நடைகல், சுவரோரம் ரங்கூன் மல்லிக் கொடி. நீ எலெக்ட்ரானிக் சிட்டியில் எத்தனை அபார்ட்மென்டுக்குத் தோட்டம் போட்டவன்! நான் முப்பத்தொரு வருஷம் எம்.ஜி. ரோட்டில் லிஃப்ட் ஓட்டியவன். மேலே போனேன், கீழே வந்தேன், மண்ணை மிதித்ததில்லை. மண்வெட்டியை எடுத்ததும் உன் அம்மா, "எந்தப் பக்கம் பிடிக்கணும்னு அவனையே கேட்டு எழுதுங்க" என்றாள். அதனால் கேட்கிறேன். எங்கே ஆரம்பிப்பது?

ஒரு குருவி தினமும் வருகிறது. தலையில் கறுப்புக் கொண்டை, வாலுக்குக் கீழே சிவப்பு. நான் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு மேஸ்திரி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பெயர் தெரிந்தால் எழுது.

உன் வருகையை நாள் எண்ணிக்கொண்டிருக்கும்,
அப்பா தனக்கோடி


3 மார்ச் 2025

அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சளி இல்லை. உங்கள் கடிதம் மூன்று வாரம் கழித்துத்தான் கைக்கு வந்தது. இங்கே கடிதத்தைச் சோதிக்கிறவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஆம்ப்ரோஸ் சார் ஒருவர்தான். அவர் லீவில் போயிருந்தார்.

அது கொண்டைக்குருவி.

முதலில் களையை வேரோடு எடுங்கள். செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி எல்லாம் பொறுக்குங்கள். அப்புறம் மண்ணைப் பரப்பி, வீட்டிலிருந்து வெளியே தண்ணீர் ஓடுகிற மாதிரி வாட்டம் கொடுங்கள். புல் இப்போது வேண்டாம், காய்ந்துபோகும். ஜூனில் மழை பிடித்த பிறகு வையுங்கள்.

ஆனால் எனக்காகச் செய்கிறீர்கள் என்றால் வேண்டாம் அப்பா. அக்டோபரில் தண்டனை முடிந்ததும் நான் அந்த வீட்டுக்கு வரமாட்டேன். ஓசூரில் ஒரு நர்சரியில் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அங்கேயே தங்கிக்கொள்வேன். என் டெம்போ ஏறித்தான் கோவிந்தப்பா மாமா செத்தார். நம் சுவரை ஒட்டிய அவர் வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்று நான் புல் வெட்ட முடியுமா? சந்திரம்மா அத்தை அதைத் திறந்தால் முதலில் தெரிவது நம் தோட்டம்தானே?

அந்த ஜன்னல் திறந்திருக்கிறதா?

அம்மாவை முழங்காலுக்கு டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

சஞ்சய்


ஜோகுபாளையம்,
16 மார்ச் 2025, ஞாயிறு

அன்புள்ள சஞ்சய்க்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததில் அம்மாவுக்கு முழங்கால் வலி அன்றைக்கு ஒரு நாள் இல்லை. மறுநாள் வந்துவிட்டது. ஆம்ப்ரோஸ் ஐயாவுக்கு வணக்கம், லீவு நல்லபடியாகக் கழிந்ததா என்று விசாரித்ததாகச் சொல்.

களை எடுத்தேன். பாதி களை, பாதி உன் அம்மா விதைத்த கொத்தமல்லி. அது தனிக் கதை, வேண்டாம்.

மண்ணைக் கூடை கூடையாகப் பரப்பினேன். ஒரு கூடைக்குள் தேரை இருந்தது. தூக்கத்தில் எழுப்பப்பட்ட வாட்ச்மேன் மாதிரி என்னைப் பார்த்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு ஈரமான மூலையில் விட்டேன். இரண்டு அணில்கள் இருக்கின்றன. தொட்டிச் செடிக்குப் போட்ட தேங்காய் நாரை எல்லாம் உருவிக்கொண்டு போய் நம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மெத்தை போடுகின்றன. ஒரு ஓணானும் சேர்ந்திருக்கிறது. நான் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுகிறது. இந்த வீட்டில் என் பேச்சுக்குத் தலையாட்டிய முதல் ஜீவன் அதுதான். உன் அம்மாவிடம் சொன்னேன். "அது உங்களைப் பார்த்துப் பயந்து ஆட்டுது" என்றாள்.

வாட்டம் கொடுத்தேன். சோதித்துப் பார்க்க ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினேன். நேராகச் சமையலறைக்குள் போய்விட்டது. எங்கே தப்பு?

ஓசூரில் வெயில் அதிகம் என்கிறார்கள்.

அன்புடன்,
அப்பா


12 ஏப்ரல் 2025

அப்பாவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமா? சமையலறை காய்ந்ததா?

வாட்டம் தலைகீழ். சுவரோரம் இரண்டு குச்சி நட்டுக் கயிறு கட்டுங்கள். வீட்டுப் பக்கம் உயரம், சுவர்ப் பக்கம் நாலு விரல் தாழ்வு. தண்ணீர் கொடியின் வேருக்குப் போகவேண்டும்.

இங்கே என்னைத் தோட்ட வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். மைனா ஒன்று மதில்மேல் நடக்கும், ட்யூட்டி மாறுகிற நேரத்துக்குச் சரியாக வரும். அதற்கும் ஷிஃப்ட் என்று ஆம்ப்ரோஸ் சார் சொல்கிறார். தேரை இன்னும் இருக்கிறதா என்று அவர் கேட்கச் சொன்னார். நானும் கேட்கிறேன்.

இரண்டு விஷயம் நீங்கள் எழுதவில்லை. ஜன்னல் திறந்திருக்கிறதா என்று கேட்டேன். இன்னொன்று, பரப்பியது எந்த மண்? மூலையில் கிடந்த செம்மண்ணா? அன்றைக்கு நான் ஏற்றிக்கொண்டு வந்ததா?

சஞ்சய்


ஜோகுபாளையம்,
27 ஏப்ரல் 2025, ஞாயிறு

அன்புள்ள சஞ்சய்க்கு,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் இப்போது பெரிய குடும்பம். தேரை இருக்கிறது என்று ஐயாவிடம் சொல். இரண்டாகிவிட்டது.

நேற்று முதல் மழை. ஆலங்கட்டி விழுந்தது. நீ சொன்ன மாதிரி கயிறு கட்டினேன், தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்டது. நீ முன்பு நட்டுவைத்த ரங்கூன் மல்லி செத்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அடியிலிருந்து மூன்று தளிர் விட்டிருக்கிறது. தேன்சிட்டு ஒன்று பூ இல்லாத கொடியில் வந்து தேடிவிட்டுப் போனது. நானும் இன்டர்வியூவுக்கு அப்படித்தான் பல இடம் போனேன்.

ஒருநாள் சாரைப்பாம்பு வந்தது. நான் வீரமாக நின்றேன். ஸ்டூல்மேல். "அது எலி பிடிக்க வந்துது, உங்களைப் பிடிக்கவா வந்துது?" என்று உன் அம்மா துடைப்பத்தோடு பக்கத்தில் நின்றாள். அவளும் ஸ்டூல்மேல்தான்.

நடைகல்லுக்கு இடைவெளி எவ்வளவு விடவேண்டும்?

அன்புடன்,
அப்பா


ஜோகுபாளையம்,
1 ஜூன் 2025, ஞாயிறு

அன்புள்ள சஞ்சய்க்கு,

மே மாதம் முழுக்க உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஆம்ப்ரோஸ் ஐயா லீவில் இல்லை என்று கேட்டில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எனவே கோபம்தான். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அதை மட்டுமாவது எழுது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

அதே மண்தான். அன்றைக்கு நீ நம் தோட்டத்துக்கு என்று ஏற்றிக்கொண்டு வந்ததுதான். போலீஸ் வண்டியை எடுக்கும்போது மண்ணை இறக்கிவிட்டுப் போனார்கள். நானும் தெருக்காரர்களும் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டினோம். ஒன்றரை வருஷத்துக்கு மேல் கிடந்தது. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று பார்த்தேன். தெருவில் யாரும் எடுக்கவில்லை. வெளியூருக்கு அனுப்ப வேண்டுமானால் மறுபடி ஒரு டெம்போ நம் சந்துக்குள் ரிவர்ஸில் வரவேண்டும். அந்தச் சத்தத்தை என்னால் கேட்க முடியாது. சந்திரம்மாக்காவாலும் முடியாது. அப்படியே விட்டால் காலையில் எழுந்ததும் அந்தக் குவியல்தான் கண்ணில் படும். எனக்கு வேறு வழி தெரியவில்லை, பரப்பிவிட்டேன். ஒரு கூடை, இரண்டு கூடை என்று எட்டு நாள் ஆனது.

ஜன்னல் மூடியிருக்கிறது. அன்றைக்கு மூடியது, இன்னும் திறக்கவில்லை. பொங்கலுக்கு உன் அம்மா பாத்திரத்தில் பொங்கல் கொண்டுபோனாள். சந்திரம்மாக்கா கதவைத் திறந்து பார்த்தார், மூடிக்கொண்டார். அவ்வளவுதான்.

இதை முதலிலேயே எழுதியிருக்கவேண்டும். அணிலைப் பற்றி எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

அப்பா


22 ஜூன் 2025

அப்பாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. கோபமும் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நீங்கள் சொல்லிவிட்டீர்கள், நானும் சொல்கிறேன். கோர்ட்டில் ஒப்புக்கொண்டபோது நீங்கள் வெளியே நின்றீர்கள், அதனால் உங்களுக்கு முழுக்கத் தெரியாது.

சந்துக்குள் எந்த வண்டி ரிவர்ஸில் வந்தாலும் மாமாதான் பின்னால் நின்று வழி சொல்வார். வரலாம் என்றால் வண்டி பாடியில் இரண்டு தட்டு, நிறுத்து என்றால் ஒரு தட்டு. நான் சைக்கிள் ஓட்டிய காலத்திலிருந்து அவருக்கு அந்த வேலை. அன்றைக்கு அவர் ஒரு தட்டு தட்டியிருக்கிறார். எதிர்வீட்டு ரவி பார்த்ததாகச் சொன்னான். எனக்குக் கேட்கவில்லை. காதில் இயர்போன். நர்சரிக்காரரோடு புல்லுக்கு ஆர்டர் பேசிக்கொண்டிருந்தேன், நம் தோட்டத்துக்கு. இரண்டு காதிலும் மாட்டியிருந்தேன் அப்பா.

என்னைப் பார்க்க வரவேண்டாம் என்றது இதனால்தான். நீங்கள் வந்தால் ஏதாவது ஜோக் சொல்வீர்கள். நான் சிரித்துவிடுவேன்.

நடைகல்லுக்கு ஒரு எட்டு தூரம் இடைவெளி விடுங்கள். உங்கள் எட்டு இல்லை, அம்மா எட்டு. அவள் முழங்காலுக்கு அதுதான் சரி.

சஞ்சய்


ஜோகுபாளையம்,
20 ஜூலை 2025, ஞாயிறு

அன்புள்ள சஞ்சய்க்கு,

அம்மா எட்டுக்குக் கல் பதித்துவிட்டேன். நடந்து பார்த்து, "இதை அவன்தான் சொல்லியிருப்பான்" என்றாள். சௌக்கியமாக இருக்கிறாள். உன் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் சொல்ல எனக்குப் படிப்பு போதாது.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

ஜூன் நடுவில் கொண்டைக்குருவி ரங்கூன் மல்லியில் கூடு கட்டியது. எங்கே என்கிறாய்? சந்திரம்மாக்கா ஜன்னலுக்கு ஒரு முழம் கீழே. மூன்று முட்டை. நான் ஸ்டூல் போட்டுப் பார்த்தேன், மேஸ்திரி என் வழுக்கையில் ஒரு கொத்து கொத்தியது. இரண்டு குஞ்சு பொரித்தது.

போன புதன்கிழமை காலையில் ஒரு குஞ்சு புதிதாக வைத்த புல்லில் கிடந்தது. இறக்கை பாதி, வால் இல்லை. கூட்டிலிருந்து விழுந்துவிட்டது என்று பதறிப்போய் ஷூ டப்பாவில் வைத்தேன். மூடியில் ஓட்டை போட்டேன். மோர்சோறு பிசைந்து ஒவ்வொரு பருக்கையாக ஊட்டப் போனேன். தாய்க்குருவி சுவருக்கும் கொடிக்கும் பறந்து கத்துகிறது. நான் அதனிடம், "கவலைப்படாதேம்மா, பத்திரமாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

டமார் என்று சத்தம். ஜன்னல் திறந்தது.

"ஏன்ரீ தனக்கோடி! புத்தி இருக்கா உங்களுக்கு? குஞ்சு மரிக்கு மோர்சோறு ஊட்டறீங்களே, அது உங்க பேரப்பிள்ளையா?"

நான் டப்பாவோடு நின்றேன்.

"அது கீழ விழலே. பறக்கக் கத்துக்குது. காலையிலேர்ந்து நான் பாத்துட்டிருக்கேன், தாய் புழு கொண்டாந்து கொடுத்துட்டுதான் இருந்தா. நீங்க வந்து பொட்டியில போட்டு மூடிட்டீங்க. எடுத்துக் கொடியில வையுங்க மொதல்லே!"

வைத்தேன். அரை நிமிஷத்தில் தாய் வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். சந்திரம்மாக்கா என்னைப் பார்க்கவில்லை, குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப இளைத்துவிட்டார். அப்புறம் ஜன்னலை மூடிக்கொண்டார்.

உள்ளே போய் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்டாள்: "காலையிலேர்ந்து பாத்துட்டிருந்தாங்களாமே, மூடின ஜன்னல்ல எப்படிப் பாத்தாங்க?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜன்னல் கதவு இடுக்கில் ஒரு விரல் அகலம் எப்போதும் இருந்திருக்கிறது. நான் ஸ்டூலில் ஏறியது, பாம்புக்குப் பயந்தது, சமையலறைக்குத் தண்ணீர் விட்டது எல்லாம் பார்த்திருக்கிறார்.

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன். அணில் கதை எழுதி ஏமாற்றிய அப்பன் என்று நீ மறுபடி நினைக்கக் கூடாது.

அன்புடன்,
அப்பா


3 ஆகஸ்ட் 2025

அப்பாவுக்கு,

நலம். ஆம்ப்ரோஸ் சார் உங்கள் கடிதத்தைக் கொடுக்கும்போது, "ஷூ டப்பா மேட்டர் படி" என்று சொல்லிவிட்டார். சஸ்பென்ஸே இல்லாமல் படித்தேன். இரண்டு குஞ்சும் பறந்துவிட்டனவா?

அத்தை என்னைப் பற்றி ஏதாவது கேட்டார்களா? கேட்டிருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள். கேட்கவில்லை என்று புரிந்துகொள்கிறேன்.

மழையில் கொடி வெறிபிடித்த மாதிரி வளரும். அவர்கள் ஜன்னலுக்குள் போய்விடக் கூடாது. குஞ்சு போன பிறகு கணுவுக்கு மேலே சாய்வாக வெட்டுங்கள். சமையலறைக் கத்தி வேண்டாம், என் பையில் செடி வெட்டும் கத்தரி இருக்கிறது.

அக்டோபர் பதினொன்றாம் தேதி விடுகிறார்கள். ஓசூருக்கு நேராகப் போய்விடுகிறேன். அம்மாவுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்குத் தைரியம் இல்லை.

சஞ்சய்


ஜோகுபாளையம்,
7 செப்டம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள சஞ்சய்க்கு,

இரண்டும் பறந்துவிட்டன என்று ஆம்ப்ரோஸ் ஐயாவிடம் முதலில் சொல். அம்மா, நான், இரண்டு தேரை, அணில்கள், பச்சையாகிவிட்ட புல், எல்லோரும் நலம். ஓசூர் விஷயத்தை உன் அம்மாவிடம் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தைரியம் எங்கிருந்து வரும்? அது பரம்பரை வியாதி.

நீ சொன்னபடியே ஆகிவிட்டது. கொடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது. சிவப்பும் வெள்ளையுமாகக் கொத்துக் கொத்தாகப் பூ. இன்று காலை உன் கத்தரியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். இரண்டாவது படியில் இருக்கும்போது ஜன்னல் திறந்தது. இந்தத் தடவை மெதுவாக.

"என்ன பண்றீங்க?"

"கொடி உங்க ஜன்னலுக்குள்ள வருதுக்கா. வெட்டிடறேன்."

"நீங்களா?"

"ஆமாக்கா."

"கத்தரியைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க."

பார்த்தேன். ஆமாம்.

"நீங்க வெட்டினா அது செத்துடும். கொத்தமல்லிக்கு என்ன பண்ணீங்கன்னு பாத்தேனே. தெரிஞ்சவன் வந்து வெட்டட்டும்."

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவர் கொடியைக் கையால் ஒதுக்கி, ஒரு பூவைக் கிள்ளி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்போ விடறாங்க?"

"அக்டோபர் பதினொண்ணு, சனிக்கிழமை."

பூவை ஜன்னல் விளிம்பில் வைத்தார். அப்புறம் சொன்னார்: "நான் அவன்கிட்ட பேசமாட்டேன். பேசு பேசுன்னு யாரும் வந்து நிக்கக் கூடாது. வந்து வெட்டிட்டுப் போகட்டும், ஜன்னலைத் தொறந்து வெக்கறேன்." மூடப்போனவர் நிறுத்தினார். "மெயின் ரோட்டுலயே எறங்கி நடந்து வரச் சொல்லுங்க. சந்துக்குள்ள வண்டி வேண்டாம்."

ஜன்னல் பாதிதான் மூடியது. கொடி தடுத்துவிட்டது. அவரும் அதற்கு மேல் தள்ளவில்லை.

இது மன்னிப்பா என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியாது. அவருக்கே தெரியுமோ என்னவோ. அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறேன். ஓசூரா இங்கேயா என்று நீதான் சொல்லவேண்டும். நான் கேட்க மாட்டேன். கேட்காமல் இருப்பதுதான் எனக்கு வராத வித்தை, அதையும் செய்து பார்க்கிறேன்.

ஏணியிலிருந்து இறங்கும்போது தேரையை மிதிக்கப் பார்த்தேன். நல்லவேளை, அது நகர்ந்துவிட்டது.

கொடியைத் தொடாமல் காத்திருக்கும்,
அப்பா


24 செப்டம்பர் 2025

அப்பாவுக்கு, அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தை நேரில் வந்து தெரிந்துகொள்கிறேன்.

கத்தரிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள். ஏணியின் மூன்றாவது படி ஆடும், கயிறு கட்டுங்கள். ஓசூர்க்காரரிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை ஜெயில் வாசலுக்கு வரவேண்டாம், ஆட்டோவும் அனுப்பவேண்டாம். மெயின் ரோட்டில் இறங்கி நடந்து வருகிறேன். மாமா வீட்டு முன்னால்தானே வரவேண்டும், மெதுவாக வருவேன். லேட் ஆனால் பயப்படாதீர்கள்.

ஆம்ப்ரோஸ் சார் ஒரு சந்தேகம் கேட்டார், எனக்கும் அது தோன்றியது. கொண்டைக்குருவி சில சமயம் இரண்டாம் தடவையும் கூடு கட்டும். ஸ்டூல் போட்டு, குருவிக்குத் தெரியாமல் ஒருமுறை கொடிக்குள் பாருங்கள். முட்டை இருந்தால் அத்தையிடம் சொல்லிவிடுங்கள், குஞ்சு பறக்கிறவரை வெட்டமாட்டேன் என்று. எத்தனை நாள் ஆனாலும் இருக்கிறேன்.

சஞ்சய்